ஹோண்டா சிட்டி விடெக்குக்கு 4-2-1 ஹெடர் போட்ட அனுபவம்

வண்டி 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (ஆர்பிஎம் ஏறினா வால்வு திறக்கிற அளவை மாத்திக்கிற ஹோண்டா என்ஜின்), அந்தப் பழைய டப்பா ஷேப்புதான். 106 பிஎச்பிங்கிறது அந்தக் காலத்துல நம்ம ஊர் செடானுக்குப் பெரிய நம்பர், இப்பவும் ஆர்பிஎம் ஏத்தி ஓட்டினா முகத்துல சிரிப்பு வரவைக்கும். ஹெடர் போடணும்னு எனக்கு ஒண்ணும் வெறி கிடையாது, என்ஜின்ல இருந்து புகையை வெளிய கொண்டு போற ஒரிஜினல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல கிராக் விழுந்துடுச்சு, அதான் காரணம். ஹெடர்ங்கிறது அதுக்குப் பதிலா போடற, தனித்தனி பைப்பை வளைச்சுச் செஞ்ச செட்டு. காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் டிக்னு டேப்பட் சத்தம் மாதிரி கேக்கும், சூடு ஏறினதும் காணாமப் போயிடும், இரும்பு விரிஞ்சு கிராக்கை மூடிக்குதுன்னு அர்த்தம். புதுசு தேடினேன் கிடைக்கல, இங்க கோவை உக்கடத்துல பழைய இரும்புக் கடைங்கள்ல கிடைச்ச ஒண்ணு ரெண்டும் அதே இடத்துல கிராக் விட்டிருந்துச்சு, சென்னைல இருக்கிற ஃப்ரெண்டு புதுப்பேட்டைல பார்த்துட்டு அதே கதைதான்டான்னு சொல்லிட்டான். சரி, செலவு பண்றதுன்னு ஆயிடுச்சு, பைப்ல வளைச்ச ஹெடராவே போட்டுடுவோம்னு முடிவு பண்ணேன்.

கோயம்புத்தூர்ல இருக்கிறதுல இது ஒரு வசதி. ரேஸ் வண்டி வேலை இந்த ஊருக்குப் புதுசு இல்ல, ரேஸ் டிரைவர் கரிவரதன் காலத்துலயே ஃபார்முலா மாருதிங்கிற ரேஸ் கார் இங்க உருவாச்சு, செட்டிபாளையத்துல அவர் பேர்லயே டிராக் இருக்கு. லேத், கிரைண்டிங், டிக் வெல்டிங்னு எது வேணும்னாலும் ரெண்டு தெரு தள்ளிப் பட்டறை இருக்கும். ஆன்லைன்ல ரெடிமேடா சிவிக்குக்குன்னு விக்கிற ஹெடரும் பார்த்தேன், ரெண்டுலயும் என்ஜின் ஹோண்டாவோட டி சீரிஸ் குடும்பம்தான், ஆனா கீழ போற பைப்போட வளைவு சிட்டியோட சப்ஃபிரேமுக்கும் சம்ப்புக்கும் (என்ஜினுக்கு அடில இருக்கிற ஆயில் தொட்டி) சரியா உக்காருமான்னு யாராலயும் கையடிச்சுச் சொல்ல முடியல. அதனால வண்டியை வெச்சே அளவெடுத்துச் செய்யற ஆள்கிட்டப் போனேன்.

அவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி எது வேணும்னு நானே தெளிவா இருந்தேன், இல்லேன்னா பட்டறைல வழக்கமா வர்ற பேச்சு ஒண்ணுதான், "பெரிய பைப்பாப் போட்டு ஃப்ரீயா விட்ருவோம் தம்பி, பிச்சுக்கிட்டுப் போகும்". அது அப்படி வேலை செய்யாது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறப்ப வெளிய பாயற காஸ் ஒரு பல்ஸ். அது பைப்போட ஓடிப் போய் ஜாயிண்ட்ல விரியிறப்ப, திரும்பி ஒரு நெகட்டிவ் அலை வால்வை நோக்கி வரும். வால்வு ரெண்டும் ஒரே நேரத்துல லேசாத் திறந்திருக்கிற அந்த ஓவர்லேப் சமயத்துல அந்த அலை வந்து சேர்ந்தா உள்ள மிச்சம் இருக்கிற புகையையும் உறிஞ்சிட்டுப் போகும், புது மிக்ஸ்சருக்கு இடம் கிடைக்கும். ஹெடரோட லாபம் முக்காவாசி இதுதான். பைப் ரொம்பப் பெருசா இருந்தா காஸோட வேகம் குறைஞ்சிடும், கீழ் ஆர்பிஎம்ல வண்டி சோம்பேறி ஆயிடும். "பேக் பிரஷர் இருந்தாத்தான் டார்க் (இழுவை) வரும்"னு சொல்றாங்களே, அதுல பாதிதான் உண்மை, என்ஜினுக்கு வேண்டியது வேகம், அடைப்பு இல்ல.

இந்த என்ஜினோட ஃபயரிங் ஆர்டர், அதாவது நாலு சிலிண்டரும் எரியற வரிசை, 1-3-4-2. அதனால ஒண்ணும் நாலும் ஒரு ஜோடி, ரெண்டும் மூணும் ஒரு ஜோடி, ஜோடிக்குள்ள கிராங்க் ஒரு முழுச் சுத்து, 360 டிகிரி இடைவெளி, ஒருத்தர் பல்ஸ் இன்னொருத்தர் மேல மோதாது. நாலு பைப் ரெண்டாகி அப்புறம் ஒண்ணாகறது 4-2-1, நேரா நாலும் ஒண்ணாச் சேர்றது 4-1. ரெண்டாவது வகை மேல் ஆர்பிஎம்க்கு நல்லது, டிராக்குக்குச் சரி. நான் அவினாசி ரோட்டு டிராஃபிக்ல ஓட்டறவன், எனக்கு நடு ஆர்பிஎம் வேணும், அதனால 4-2-1. பிரைமரி (ஒவ்வொரு சிலிண்டர்ல இருந்தும் வர்ற முதல் பைப்) 38 மிமீ, எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுவர் 1.5 மிமீ. புகைல இருக்கிற நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமா கேட்) இருந்த இடத்துலயே இருக்கணும், அதோட ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டுச் சேர்க்கற தட்டு) வந்து ஹெடர் சேரணும், இதுல பேச்சே கிடையாதுன்னு சொல்லிட்டேன். "அதை எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்குமேங்க"ன்னு ரெண்டு தடவை கேட்டார், வேண்டாம்ணான்னுட்டேன்.

இன்னும் மூணு விஷயம் வற்புறுத்திக் கேட்டேன். சம்ப்புக்குக் கீழ போற பைப் சம்ப்பை விட ரொம்ப இறங்கக் கூடாது, நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணு போதும் பைப்புங்க ஒண்ணு சேர்ற கலெக்டரை நசுக்க. அடுத்தது பெல்லோஸ், என்ஜின் குறுக்க உக்காந்திருக்கு, ஆக்சிலேட்டரை மிதிச்சா முன்னும் பின்னும் ஆடும், நடுவுல வளைஞ்சு கொடுக்க ஒண்ணு இல்லேன்னா வெல்டு எங்கயாச்சும் விட்டுடும், அதுவும் எஸ்எஸ் 304 சாதா இரும்பை விடச் சூட்டுல அதிகமா நீளும். மூணாவது ஆக்சிஜன் சென்சார். நாலு பைப்பும் சேர்ந்த அப்புறம்தான் அது உக்காரணும், பைப்போட மேல் பாதில சாய்வா இருக்கணும், கீழ வெச்சா தண்ணி தேங்கி சென்சாரைக் கொன்னுடும். சென்சாரோட மரை எம் 18, பிச் 1.5, அதுக்குப் பொருந்தற மரை வளையம் (பங்) ஒண்ணை லேத்துல கடைஞ்சு வெல்டு பண்ணிக்கிட்டாங்க.

இனி கழட்டற கதை. மொத்த வேலைலயும் கஷ்டமான பாகம் இதுதான், மாட்டறது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. டி சீரிஸ்ல எக்ஸாஸ்ட் முன் பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தாப்ல இருக்கு, அது வரம். ஆனா கை போக ஃபேனைக் கழட்டியே ஆகணும். பேட்டரி மைனஸை எடுத்துட்டு, ஃபேன் ரெண்டையும் எடுத்ததுக்கு அப்புறம்தான் மேனிஃபோல்டே கண்ணுக்குத் தெரிஞ்சுது. நட்டுங்க மேல ஒரு வாரமா ராத்திரி ராத்திரி டபிள்யூடி-40 அடிச்சு ஊற வெச்சிருந்தேன். ஹீட் ஷீல்டோட 10 நம்பர் போல்ட்டுங்க துருவா உதிர்ந்து தலை மட்டும் கைல வந்துச்சு, அது போனாப் போகுதுன்னு விட்டாச்சு. சென்சாருக்கு 22 நம்பர், வயர் நுழையற மாதிரி பக்கத்துல வெட்டு விட்ட சாக்கெட் கிடைக்குது, அதை வாங்கிக்கோங்க, சாதா ஸ்பேனர்ல முனை மழுங்கிடும்.

மேனிஃபோல்டு நட்டு 12 நம்பர், அது ஏறி நிக்கிற தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், எம் 8. சிலிண்டர் ஹெட்டு அலுமினியம், ஸ்டட் இரும்பு, இருபது வருஷம் சூட்டுல வெந்து ரெண்டும் ஒண்ணாயிருக்கும். மெக்கானிக் அண்ணா சொன்ன வித்தை, முதல்ல இம்மியளவு டைட் பண்ணி, அந்த மொறுக் சத்தம் வந்ததும் லூஸ் பக்கம் திருப்பறது, நின்னுச்சுன்னா மறுபடி உள்ள, மறுபடி வெளிய. "அவசரப்பட்டா ஹெட்டைத்தான் கழட்டோணும் தம்பி, பொறுமையாப் போங்க". பெரும்பாலும் நட்டோட சேர்ந்து ஸ்டட்டே வந்துடுச்சு, அது பிரச்சினை இல்ல, எப்படியும் எல்லா ஸ்டட்டும் புதுசு போடறதா இருந்தேன். மூலைல ஒண்ணு மட்டும் முறிஞ்சுது. நல்லவேளையா ஹெட்டுக்கு வெளிய கொஞ்சம் நீட்டிக்கிட்டு நின்னுச்சு, அது மேல ஒரு நட்டை வெச்சு உள்ளாற வெல்டு ரொப்பி, சிவப்பு அடங்கினதும் ஸ்பேனர் போட்டா வெண்ணெய்ல கத்தி மாதிரி சுத்திக்கிட்டு வந்துச்சு. வெல்டிங் சூடுதான் துருவை உடைக்குது. ஹெட்டோட சமமா முறிஞ்சிருந்தா டிரில்லு, ஹெலிகாயில்னு (கெட்ட மரைக்குப் பதிலா ஏத்தற கம்பிச் சுருள்) கதை வேற ரூட்ல போயிருக்கும். ஓட்டைங்கள்ல எல்லாம் எம் 8 டேப்பை கையாலயே ஓட்டி மரையைச் சுத்தம் பண்ணிட்டு, ஹெட்டு முகத்துல ஒட்டிக்கிட்டிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டியாச்சு, இதுக்குக் கிரைண்டர் கிட்டயே கொண்டு போகக் கூடாது, அலுமினியம் பள்ளம் விழுந்துடும், பிளேடும் பொறுமையும் போதும்.

ஹெடர் கைக்கு வந்தப்ப பார்க்க அழகா இருந்துச்சு, வெல்டு எல்லாம் அடுக்கி வெச்ச காசு மாதிரி, பைப்புக்குள்ள ஆர்கான் விட்டு வெல்டு பண்ணதால உள் பக்கமும் கருகல. ஆனா ஃபிளாஞ்சு மேல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சு வெளிச்சத்துக்கு எதிர்க்கப் பிடிச்சா நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் தெரியுது. இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ்ல 0.3 மிமீ தகடு உள்ள போகுது. 10 மிமீ பிளேட்தான், இருந்தும் நாலு பைப்பையும் வெல்டு பண்ற சூட்டுல இழுத்துக்கும், ஜிக்ல இறுக்கி வெச்சுப் பண்ணாலும் கொஞ்சமாவது வளையும். "நட்டு டைட் பண்ணா உக்காந்துக்கும்ங்க, கேஸ்கட் எதுக்கு இருக்கு"ன்னார் ஹெடர் செஞ்சவர். உக்காராது. இறுக்கினா உக்காந்த மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அது தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும், கொஞ்ச நாள்ல ஓரத்து நட்டு லூசாகும் இல்ல ஸ்டட் முறியும், நான் எதுக்காக இந்த வேலையே ஆரம்பிச்சேனோ அந்த டிக் டிக் திரும்ப வந்துடும். கணபதி ஏரியாவுல சர்ஃபேஸ் கிரைண்டிங் பண்ற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்தக் கோணல் மாணல் சாமானை மெஷின்ல பிடிக்கறதுக்குத்தான் அவர் நேரம் எடுத்துக்கிட்டார், கிரைண்டிங் சட்டுன்னு முடிஞ்சுது. திரும்பி வந்து பார்த்தா மெல்லிசான ஃபீலர் தகடு கூட நுழையல. மொத்த ப்ராஜெக்ட்ல நான் கொடுத்த சின்னக் காசு அதுதான், உருப்படியான காசும் அதுதான். ஹெடர் வாங்கற யாரா இருந்தாலும் பைப்போட பளபளப்பைப் பார்க்காதீங்க, முதல்ல ஃபிளாஞ்சுல ஸ்கேல் வெச்சுப் பாருங்க.

மாட்டறதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கேஸ்கட் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்தான், அது மேல சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது, சூட்டுல எரிஞ்சு அந்த ஆவி சென்சாரைக் கெடுத்துடும். ஹெடரை வண்டிக்குக் கீழ இருந்து மேல ஏத்தணும், ஒருத்தர் கீழ தாங்கிப் பிடிக்க ஒருத்தர் மேல நட்டு போடணும். எல்லா நட்டையும் கையால போட்டுட்டு, கேட் பக்க ஃபிளாஞ்சும் தானா நேரா வருதான்னு பார்த்துட்டு அப்புறம்தான் டைட். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு, ரெண்டு மூணு ரவுண்டா, கடைசில டார்க் ரெஞ்ச்ல 31 நியூட்டன் மீட்டர். "எனக்குக் கையே ரெஞ்ச்சுங்க"ன்னு அண்ணா சிரிச்சார், நான் ரெஞ்ச்சை நீட்டிட்டேன். சென்சார் மரைல மட்டும் லேசா ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிச்சுக்காம இருக்கத் தடவற பேஸ்ட்), முனைல படாம. சென்சாரோட வயர் புது இடத்துக்கு எட்டல, வெட்டி நீட்டாம அதே கனெக்டர் வெச்ச எக்ஸ்டென்ஷன் செஞ்சு போட்டேன், நிறைய சென்சாருங்க வெளிக் காத்தை அந்த வயர் வழியாத்தான் இழுக்கும், ஈயம் வெச்சு அடைச்சா ரீடிங் தப்பாகும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பைப் முழுக்க தின்னர் துணியால துடைச்சிடணும், கைரேகை எண்ணெய் கூட சூட்டுல கறையா நின்னுடும். அப்பவும் முதல் பத்து நிமிஷம் புகை வந்துச்சு, அது வரும், பயப்பட வேண்டாம். லீக் பார்க்கறதுக்கு ஒரு சுலப வழி, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே ஒருத்தர் டெயில் பைப்பை கனத்த துணியால லேசா அடைக்கணும், நாம ஊதுபத்தியைப் பொருத்தி ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் கொண்டு போகணும், லீக் இருக்கிற இடத்துல புகை வெட்டி வெட்டி அடிக்கும். பெட்ரோல் கசியற வண்டில இதைச் செய்யாதீங்க, சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. எனக்கு ஹெட்டு பக்கம் சுத்தம், கேட் ஃபிளாஞ்சுல மட்டும் கொஞ்சம் ஆடுச்சு, அதை இன்னும் டைட் பண்ணதும் நின்னுடுச்சு. சத்தத்துக்காக மட்டும் லீக் பார்க்கறதில்ல. சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா, பல்ஸுக்கு நடுவுல வெளிக் காத்து உள்ள போகும், மிக்ஸ்சர்ல பெட்ரோல் கம்மின்னு ஈசியு (என்ஜினோட கம்ப்யூட்டர்) நினைச்சு இன்னும் ஊத்தும், மைலேஜ் அடி வாங்கும். நல்லா ஓட்டிட்டு வண்டி முழுசா ஆறினதும் நட்டு எல்லாம் ஒரு தடவை திரும்ப டார்க் பார்த்தேன், ஓரத்துல ரெண்டு நட்டு கொஞ்சம் இடம் கொடுத்துச்சு.

சரி, ஓட்டறதுக்கு எப்படி? பவர் அளக்கற டைனோ மெஷின்ல ஏத்தல, அதனால எத்தனை பிஎச்பின்னு சொல்ல மாட்டேன், இன்டேக்கையும் கேமையும் தொடாத ஒரு என்ஜின்ல ஹெடர் மட்டும் போட்டு இருபது முப்பது ஏறுச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. மூணாவது கியர்ல 3000-க்கு மேல ஒரு இழுவை கூடியிருக்கு, விடெக் மாறும்போது வர்ற சத்தம் இன்னும் கரகரப்பா இருக்கு, ஆக்சிலேட்டரை விட்டா என்ஜின் சட்டுன்னு இறங்குது. கீழ் ஆர்பிஎம்ல எதையும் இழக்கல. ஆனா வித்தியாசத்துல பாதி பழைய கிராக் போனதால வந்ததுன்னும் நான் நினைக்கிறேன். வெளிய சத்தம் பெருசா கூடல, பின்னாடி மஃப்ளர் கம்பெனிதே.

சூடுதான் ஒரு தலைவலி. கெட்டியான காஸ்ட் அயர்ன் இருந்த இடத்துல மெல்லிசு பைப், ரேடியேட்டர் ஃபேன் பிளாஸ்டிக் பக்கத்துலயே இருக்கு. ஹீட் ராப் சுத்தச் சொன்னாங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உள்ள கிராக் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால அலுமினியத் தகட்டுல ஷீல்டு வெட்டி இடைவெளி விட்டு மாட்டிட்டேன். ஏசி கம்ப்ரெசர் பக்கம் போற வயரிங்குக்கு கிளாஸ் ஃபைபர் ஸ்லீவ்.

சட்டம் பத்தியும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்ததை மாத்தறது ஆல்ட்டரேஷன், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும்னு 182ஏ சொல்லுது. சத்தம், புகை அளவு மீறினா 190(2), அது முதல் தடவைக்கே 10,000 வரை. புகை சோதனைல என் வண்டி வகைக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், கேட் இருக்கிறதால தாராளமா உள்ளதான் வந்துச்சு. இந்த ரிஸ்க் எனக்குத் தெரிஞ்சுதான் போட்டேன், உங்களுக்கு வேணுமான்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க.

15 வருஷம் தாண்டின வண்டி, ஆர்சி ரெனீவல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை, எனக்கு அடுத்தது 2027. பழைய மேனிஃபோல்டைத் தூக்கிப் போடல, காஸ்ட் அயர்ன் வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அந்தக் கிராக்கை அடைக்கக் கொடுத்திருக்கேன், இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி அதையே திரும்ப ஏத்திக்கலாம்னு. ஸ்டட் எல்லாம் புதுசு, மரை சுத்தம், அதனால இந்தத் தடவை கழட்டறது அரை நாள் வேலைதான்.