இரண்டு ஃப்ரீ த்ரோ

சனிக்கிழமை பெங்களூரு அல்சூரிலிருந்து கண்டீரவா ஸ்டேடியம் போய்ச் சேர்வதற்குள் முதல் குவார்ட்டர் முடிந்துவிட்டது. ஆண்கள் பள்ளிகள் வருடா வருடம் மோதும் கூடைப்பந்துப் போட்டி. ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு இதுதான் முதல் வருடம்.

கடைசி குவார்ட்டரில் எதிரணி ஐந்தாவது டீம் ஃபவுல் (அந்தக் குவார்ட்டரில் அணியின் மொத்தக் கணக்கில் சேரும் தவறு) செய்ததால் இவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு. வளையம் மாட்டிய பலகை 4.6 மீட்டர் தள்ளி, வளையம் 3.05 மீட்டர் உயரத்தில், எறிய 5 விநாடி. உள்ளங்கையை ஜெர்சியில் துடைத்துவிட்டு, பந்தை மூன்று முறை தட்டினான். முதலாவது வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. மறுபடியும் அதே மூன்று தட்டு. இரண்டாவது வலையை மட்டும் உரசி இறங்கியது. கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு புள்ளியில் தோற்றோம். வண்டியில் வரும்போது, "முதல் பந்துக்கு முழங்காலை மடக்கவே இல்லப்பா" என்றான். அப்புறம் திங்கட்கிழமையிலிருந்து காலை ஐந்தரைக்கே எழுந்துகொள்கிறான். பந்து பொறுக்கிப் போட நானும் போகிறேன்.