பற்று நோட்டின் பின்பக்கம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. விசைப்படகுக் கூலியை நம்பியிருக்கும் எங்களைப் போன்ற தங்கச்சிமடத்துக் குடும்பங்களுக்கோ, அந்த 61 நாட்களில் பணத்தட்டுப்பாட்டைவிடப் பெரிய தொல்லை, வேலையில்லாமல் வீட்டில் கிடக்கும் மனம் தன்னையே தின்னத் தொடங்குவதுதான்.

அந்தச் சமயம் பார்த்து வாட்ஸ்அப்பில் ‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்’ என்று சூரிய உதயப் படத்தோடு செய்திகள் வந்து குவியும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது ‘காற்று வராது’ என்று நினைத்துக்கொண்டு படகை அவிழ்க்கிறவர் பாம்பனில் யாரும் இல்லையே! கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் தம் குழுவினருடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. தன்மீது மதிப்புக் குறைந்தவர்களிடம் ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளச் சொன்னபோது, அப்படிச் சொல்லிக்கொள்ளாதவர்களைவிட அவர்கள் சோர்ந்துதான் போனார்கள்.

நான் கைக்கொண்டிருப்பது வேறொரு பழக்கம். அன்று நடந்த நல்ல காரியங்கள் மூன்றையும், அவை ஏன் நடந்தன என்பதையும் இரவில் எழுதிவைப்பது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதச் சொல்லப்பட்டவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வு குறைந்தும் இருந்தன. வாரம் முடிந்த பிறகும் விடாமல் எழுதிவந்தவர்களுக்கே பலன் அதிகம் இருந்தது.

இதற்கென்று தனியாக நோட்டு வாங்கவில்லை. மளிகைக் கடைப் பற்று நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். “எழுதினா கடன் அடைஞ்சிருமா தாயி?” என்று மாமியார் கேட்டார். “அடையாது மாமி, ஆனா முன்பக்கத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா தூக்கம் வரமாட்டேங்குது” என்றேன். அவர் சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

மூன்று காரியங்களைக் கண்டுபிடிப்பது பெரிதில்லை. ‘ஏன்’ என்று எழுதும்போதுதான் பேனா நிற்கும். ‘தண்ணீர் லாரி காலையிலேயே வந்தது’ என்று எழுதிவிட்டு யோசித்தால், எதிர்வீட்டு அக்கா முந்தின நாளே அலுவலகத்துக்குப் போன் போட்டு விடாமல் கேட்டது நினைவுக்கு வரும். ‘மகன் கணக்குப் பாடத்தைத் தானே முடித்தான்’ என்பதற்குக் காரணம் தேடினால், அவனுடைய சித்தப்பா படகில்லாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது தெரியும். ‘குழுக் கடனின் தவணையைக் கட்டிவிட்டேன்’ என்பதற்கு எதிரே வேறு யார் பெயரும் எழுத இடமில்லை, என் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது. நல்லதும் தானாக வருவதில்லை, அதன் பின்னால் ஆள் இருக்கிறார், சில வேளை அந்த ஆள் நாம்தான் என்று எழுத்தில் பார்க்கும்போது மனத்துக்குக் கிடைக்கும் தெம்பு, யாரோ அனுப்பிய வாசகத்தில் கிடைப்பதில்லை.

பழக்கம் ஊன்றுவதற்கு 21 நாள் போதும் என்று பலரும் சொல்வது சரியல்ல. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரக் கணக்கில் 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 வரை மாறியது. 66 நாட்கள் என்றால் ஏறக்குறைய ஒரு தடைக்காலம்! இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் குடி முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்தது. ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் எளிது. ராத்திரிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் என் கை நோட்டைத் தேடும்.

என் கணவர் எழுத மாட்டார். விடிந்ததும் கடற்கரைக்குப் போய், கூட்டாளிகளோடு உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பின்னிவிட்டு வருவார். மனம் சரியானதும் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திராமல், வேலையைத் தொடங்கி மனத்தைப் பின்னால் வரவைப்பது மனச்சோர்வுச் சிகிச்சையிலேயே கையாளப்படும் முறை. அவருக்கு அந்தச் சிகிச்சையின் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கடலுக்குப் போன ஆளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கும் வீட்டில் போய், மூன்று நல்ல காரியம் எழுது என்பது கொடுமை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறவருக்கும் நோட்டுப் போதாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எங்கள் மகளிர் குழுவில் சேமிப்புப் புத்தகங்களின் உள்ளட்டையில் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். யார் அழைத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை என்றும் அன்றே பேசி முடிவு செய்துகொண்டோம்.