ஒற்றை விரலில் ஜேமர்சன்: ஆறாவது வாரம்

அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971-இல் வந்த ஆல்பம். பல வருடமாகக் கேட்கிறேன். கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் பழகத் தொடங்கிய பிறகுதான், அதில் இன்னொருவரும் பாடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். தொண்டையால் அல்ல, தந்தியால். தலைப்புப் பாடலில் அவர் வாசித்ததை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து இது ஆறாவது வாரம்.

முதல் இரண்டு வாரம் வழக்கமான முறைதான்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. சுரமெல்லாம் சரியாக விழுந்தது, பாட்டுதான் வரவில்லை. அப்புறம் அவர் வழிக்கே போனேன். ஜேமர்சன் வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டியவர். அந்த விரலுக்குக் கொக்கி என்றே பட்டப்பெயர். செய்து பார்த்தால் காரணம் புரிகிறது. மெல்லிய தந்தியை மீட்டிய விரல் அப்படியே பக்கத்துத் தடித்த தந்தியில் போய் உட்காருகிறது, அடுத்த சுரம் அங்கிருந்தே கிளம்புகிறது. இறங்கும் சங்கதிகள் ஒரே மூச்சில் சொன்ன மாதிரி வருகின்றன. ஏறும்போதுதான் கஷ்டம்.

அவருடைய ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் கிடாரில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் இருக்கும். என் கிடாரில் மூடியே கிடையாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகினேன். நீளமாக ரீங்கரித்துக்கொண்டிருந்த சுரம் ‘தும்’ என்று அடங்கியது. அந்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது; ரெக்கார்டில் கேட்ட சத்தம் என் மடியில் இருந்தது.

இந்தப் பாட்டில் கேயின் குரலே இரண்டு. தனித்தனியாகப் பதிந்த இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து ஒலிக்க, பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். பேஸ் மூன்றாவது குரல். தாயை அழைத்துத் தொடங்கும் முதல் வரியில் கேய் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஜேமர்சன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்குகிறார். அடுத்த சரணத்தில் அதே இடத்தில் வேறு வார்த்தை. மனப்பாடம் செய்தால் போதாது, பேச்சைக் கவனிக்கிற மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது.

கேயின் ரெக்கார்டு நிறுவனமான மோடவுனின் ரெக்கார்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் போடும் வழக்கமே அதுவரை இல்லை. இந்த ஆல்பத்தின் உறையில் ஜேமர்சன் பெயரை, முன்னால் ‘ஒப்பற்ற’ என்ற அடைமொழியோடு அச்சிட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

இன்று முதல் சரணம் நிற்காமல் வந்தது. விரல் நுனியில் கொப்புளம். கேய் வார்த்தைகளை விட்டு வெறும் குரலாக அலையும் பகுதியில் இரண்டு ஆவர்த்தனம் இன்னும் தப்புகிறது. நாளை அங்கிருந்து.