தண்ணீர் மேல் புகை

1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜப்பாவின் கச்சேரிக்கு நடுவே யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (தீச்சுடர் பாய்ச்சும் சமிக்ஞைத் துப்பாக்கி) கூரையை நோக்கிச் சுட, கேசினோவே எரிந்துபோனது. அங்கே ஒலிப்பதிவுக்காக வந்திருந்த பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிள், ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்வதைப் பார்த்தது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடல் அப்படிப் பிறந்தது.

அதன் தொடக்க கிடார் இசையை, குழுவின் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) இல்லாமல், இரண்டு தந்திகளை விரல்களால் ஒருசேரச் சுண்டி வாசிப்பார். பிக்கால் அடித்து நொறுக்குபவர்களைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

மறுவடிவங்கள் ஏராளம். 1997இல் மென்மையான பாப் பாடல்களுக்குப் பெயர்போன அமெரிக்கப் பாடகர் பேட் பூன்கூடப் பாடினார் (அதில் கிடார் வாசித்தவர்களில் ஜப்பாவின் மகனும் உண்டு!). என் ஓட்டு 1989இல் ஆர்மீனிய நிலநடுக்க நிவாரணத்துக்காக வந்ததற்குத்தான்: பாடுவதில் மூலப் பாடலைப் பாடிய கில்லனுடன் புரூஸ் டிக்கின்சன், கிடாரில் பிளாக்மோருடன் பிரையன் மே, டேவிட் கில்மோர். இத்தனை பெருந்தலைகள் கூடியும் பாட்டு கெடவில்லை.