புதுவீட்டுக் குடிபூரலுக்கு முந்தின நாட்கள்

மே 11
கேற்றுக்கு அடித்த பெயின்ற் இன்னும் காயவில்லை. வானம் இருண்டுகொண்டு நிற்கிறது.

மே 14
சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போது பின்னால் ஒரு குரல்: "உவையளுக்கென்ன, மாடி ஏறீட்டினம்." திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து வந்தபோது எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே தறப்பாள். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம், ஒரே அளவு வீடு. அதுவரைக்கும் ஒருவரையொருவர் அளக்கவில்லை. தம்பி பிரான்ஸில் கோப்பை கழுவின காசில்தான் மேல்தட்டு எழும்பியது. வீடியோவில் கையைத் திருப்பிக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் வெடித்து, வெள்ளையாக ஊறியிருந்தது.

மே 15
பெரிய வீட்டுக்கு ஐயா அழைப்புக் கார்ட் கொண்டுபோனார். இருபது வருடம் அவர்களின் வயலுக்கு இரவிரவாக இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கட்டினவர். "இருங்கோ" என்று ஒருவரும் சொல்லவில்லையாம். "நிண்டே குடுத்திட்டு வந்திட்டன்" என்றார், அது பெரிய விஷயமில்லாத மாதிரி. எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மே 18
சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி, போரின் கடைசி நாட்களை நினைத்துக் குடுக்கிறது. பெரிய வீட்டு மாமி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றா. 2009இலும் இப்படித்தான் நின்றோம். அன்றைக்கு என் பங்கில் பாதியை அவவின் பேத்திக்கு ஊற்றினேன். இன்று "வருவியளோ மாமி" என்று கேட்க வாய்வரை வந்தது. சிரட்டையைப் பார்த்துக்கொண்டு குடித்து முடித்தேன்.

மே 20
150 கதிரைக்குச் சொல்லியாச்சு. அம்மா 100 காணும் என்கிறா. வெறுங்கதிரை கண்ணைக் குத்துமாம்.

மே 21
இன்று எனக்கு என்மேல்தான் கோபம். பக்கத்து வீட்டு அக்கா வயலால் வந்தபடியே எட்டிப் பார்க்க வந்தா. காலில் சேறு. மாபிள் நிலத்தைப் பார்த்தா, நின்றா. "பரவாயில்லை, வாங்கோ" என்று நான் சொன்னேன். ஆனால் ஒரு நொடி பிந்தித்தான் சொன்னேன். அதை அவ கண்டுவிட்டா. "பிறகு வாறன் பிள்ளை" என்று குசினிப் பக்கத்தால் போய்விட்டா. பிறகு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மே 23
தம்பி எடுத்தான். முதல் கேள்வியே "பெரிய வீட்டாக்கள் வருகினமோ அக்கா?" வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

மே 24
கதிரைகள் வந்து இறங்கிவிட்டன. ஐயா தானே துடைக்கிறார். முன்வரிசையில் ஒன்றை மட்டும் தனியே இழுத்து, துவாயால் இரண்டாம் தரமும் துடைத்தார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. இப்பவே போய்க் கூப்பிட்டுவிட்டு வருகிறேன்.