சாமி விளக்கும் 5 வாட்டும்: ஹாம் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்வது, அதற்கான தேர்வு எழுதப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தினமும் எத்தனை மணி நேரம் படிச்சீங்க?" என்றுதான். மணிக்கணக்கெல்லாம் எனக்கு வாய்த்ததே இல்லை. காலையில் தண்ணீர் மோட்டார் போட்டால் தொட்டி நிரம்பும் வரை 20 நிமிடம். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு அரை மணி. திருச்சியில் கூட்டுக் குடும்பம், வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இந்த லட்சணத்தில் 2018-ல் முதல் முறை எழுதித் தோற்றேன், அடுத்த முறை தேறினேன். தோற்ற கதையில்தான் உங்களுக்குப் பிரயோஜனம் அதிகம்.

தேர்வில் இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ், அதாவது எழுத்துகளைக் குட்டை, நெட்டை ஒலிகளாக அனுப்பும் குறியீடு, கிடையாது. ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் உண்டு. நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் கேட்டு எழுத வேண்டும், மோர்ஸ் தட்டும் சாவியில் அனுப்பியும் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் ரேடியோ கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. நான் எழுதியபோது ஜெனரலுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 55 சதவீதம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இதெல்லாம் மாறக்கூடியது. 12 வயது முடிந்திருந்தால் போதும் என்பதால் என் பெரியவளும் கூடவே உட்கார்ந்தாள். நான் முக்கி முனகிக் கற்ற எழுத்துகளை அவள் விளையாட்டாகப் பிடித்துக்கொண்டாள், அது தனி வயிற்றெரிச்சல்.

மோர்ஸில் நான் செய்த முதல் தப்பு, புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியது. இரண்டு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கேட்கும்போதோ, காதில் விழுந்த ஒலியை மனத்துக்குள் கோடாக வரைந்து, அதை அட்டவணையில் தேடி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து கடந்துவிடும். அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு கோக் முறைக்கு மாறினேன். கே, எம் என்ற இரண்டே எழுத்துகளில் தொடங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவதைச் சேர்ப்பது. ஒவ்வொரு எழுத்தின் ஒலியும் 20 சொல் வேகத்தில் வரும். எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். எண்ணிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, ஒரு எழுத்தை ஒரு சத்தமாகத்தான் பிடித்தாக வேண்டும்.

அனுப்புவதற்குக் கை கொடுத்தது பள்ளிக்கூடத்து இலக்கணம். புள்ளியின் ஒலியான 'டி' ஒரு மாத்திரை என்றால் கோட்டின் ஒலியான 'டா' மூன்று மாத்திரை. நெடிலுக்கு இரண்டுதானே? நான் பழக்க தோஷத்தில் டாவை நெடில் மாதிரி இரண்டாகவே அடித்துக்கொண்டிருந்தேன். டா மூன்று மாத்திரை உயிரளபெடை என்று நினைத்துக்கொண்ட நாளிலிருந்து கை சரியாக நின்றது. எழுத்துக்குள் ஒரு மாத்திரை இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு.

அப்புறம் தியரி. கேள்வித் தொகுப்பை மட்டும் உருப்போட்டுத் தேறியவர்களை எனக்குத் தெரியும். தேறிவிடலாம்தான், ஆனால் உரிமம் கையில் வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் யோசனை, 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைக்கு, ஒரு சின்ன ரிசீவர் செய்துகொண்டே படியுங்கள். உரிமம் வரும் வரை டிரான்ஸ்மிட் பண்ணக் கூடாது, கேட்பது மட்டும். ஒரு மிக்சர் ஐசி, ஒலியைப் பெருக்கும் எல்எம்386 ஐசி ஒன்று, கையால் சுற்றிய காயில், இவ்வளவுதான் நேரடி மாற்ற ரிசீவர். காயிலில் நான்கு சுற்றைக் குறைத்ததும் கேட்டுக்கொண்டிருந்த அதிர்வெண் மேலே நகர்ந்துவிட்டது. அதிர்வெண், எல் (காயிலின் தூண்டல்), சி (கெப்பாசிட்டரின் மதிப்பு) இரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும் என்ற சூத்திரம் அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

ரிசீவர் வேலை செய்த முதல் நாள் காதில் விழுந்தது வெறும் கர்ர்ர் சத்தம். ஏதோ தப்பாகச் சேர்த்துவிட்டேன் என்று இரண்டு நாள் போர்டைச் சுரண்டினேன். பிறகு ரிசீவரை 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரிக்கு மாற்றிவிட்டு, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெயினை அணைத்தேன். கர்ர்ர் நின்றது. முதல் தடவையாக, எங்கோ ஒருவர் மோர்ஸ் அடிப்பது தெளிவாகக் கேட்டது. எம்சிபிக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்ததில் குற்றவாளி பூஜை அலமாரி. முருகன் படத்தைச் சுற்றிய எல்இடி சீரியல் லைட்டின் அடாப்டர்.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் காபி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"முருகனுக்கு விளக்கு எரியறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"விளக்கு எரியட்டும் அத்தை. அந்த அடாப்டர்தான் கத்துது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு, அடாப்டரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக் காட்டினேன். மூன்றாவது முறை அவரே, "சரி, கழட்டிடு" என்றார். அந்த இடத்தில் பழைய ஜீரோ வாட் பல்பு ஒன்று போட்டோம். இழை பல்பில் சுவிட்ச்சிங் சர்க்யூட் கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. மலிவான அடாப்டர் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டின் மடங்குகள் வரிசையாக 7 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி வருகின்றன. ஹார்மோனிக்ஸ், குறுக்கீடு, பில்ட்டர் என்று பாடத்திட்டத்தில் இருக்கிற தலைப்புகள் மூன்றையும் எனக்குப் புரிய வைத்தது முருகன் படம்தான். மிக்சியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்னி அரைக்கும்போது நான் விதிமுறை படிப்பேன்.

விதிமுறைப் பகுதியை லேசாக எடுக்காதீர்கள். தனியாக மதிப்பெண் உண்டு, பலர் கோட்டைவிடுவது அங்கேதான். வணிகச் செய்தி, ரகசியக் குறியீடு, பாட்டு இதெல்லாம் ஏன் கூடாது, பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும், அபாய அழைப்பு கேட்டால் என்ன செய்ய வேண்டும், இவை கட்டாயம். ரேடியோக்காரர்கள் சுருக்கமாகப் பேசப் பயன்படுத்தும் கியூ குறியீடுகளை நாங்கள் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்டோம். பிள்ளைகள் சண்டை போட்டால் கியூஆர்எம் (பிறர் குறுக்கீடு), இடி இடித்தால் கியூஆர்என் (இயற்கை இரைச்சல்). உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். தேதி மாறும் கணக்கில் ஒரு கேள்வியாவது வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

சரி, தோற்ற கதை. எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. மோர்ஸ் கேட்பதில் ஐந்து நிமிடம், 200 எழுத்து. ஐந்து பிழைக்கு மேல் போனால் தோல்வி. நான் வேகமான ஒலியிலேயே பழகியவள். அங்கே போட்ட ஒலியில் எழுத்துகளே நிஜமான 8 சொல் வேகத்தில் இழுபட்டு வந்தன. அந்த வேகத்தில் ஒரு டா கிட்டத்தட்ட அரை நொடி நீளும். எனக்குத் தெரிந்த சத்தங்கள் துண்டு துண்டாகச் சிதறின. எச்சுக்கு நான்கு டி, 5-க்கு ஐந்து டி. எது எதுவென்று எண்ணத் தொடங்கினேன், அங்கேயே முடிந்தது. ஒரு எழுத்து விட்டுப்போனதும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அடுத்த மூன்றும் போயின.

ஆகவே கோக் முறையில் கற்றாலும், கடைசி மூன்று வாரம் இழுத்து வரும் மெதுவான ஒலியையும் தினம் ஐந்து நிமிடம் கேளுங்கள். விட்டுப்போன எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகரப் பழகுங்கள். ஹெட்போனில் மட்டும் பழகாமல், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை நான் இரண்டு பிழையோடு வெளியே வந்தேன்.

உரிமம் வந்ததும் பெரிய செட்டு வாங்க வேண்டும் என்றில்லை. ஜெனரல் கிரேடு 400 வாட் வரை அனுமதித்தாலும் எங்கள் வீட்டில் 5 வாட்டைத் தாண்டியதில்லை. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபல், எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு படிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஹைதராபாத்தின் அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டுகள் நம் ஊர் ஆட்களுக்காகவே யோசித்தவை. ஆரம்ப வடிவத்தில் காயில் சுற்ற நைலான் குழாய் வாஷரைப் பயன்படுத்தியிருந்தார். ஹார்டுவேர் கடையில் வாஷர் வாங்கி ரேடியோ செய்கிற துணிச்சல் எனக்கு அங்கிருந்து வந்தது.

சத்தம் போடாத சோதனை வேண்டுமானால் டபிள்யூஎஸ்பிஆர், குறைந்த திறனில் சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் கணினி முறை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்டது. அழைப்புக் குறி (உரிமத்தில் தரும் அடையாளப் பெயர்), உலக வரைபடத்தில் நம் இருப்பிடக் கட்டம், திறன் இந்த மூன்றை மட்டும் இரண்டு நிமிடத் துண்டில் மிக மெதுவாக அனுப்பும். திருச்சிக்குக் கட்டம் எம்கே90. ஒரு ராத்திரி 200 மில்லிவாட்டில் விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் இட்லி வேகும்போது போனைத் திறந்தால் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு நிலையம் கேட்டிருக்கிறது, 6,000 கிலோமீட்டருக்கு மேல். அத்தையிடம் சொன்னேன். "அங்க யாரு நம்ம சொந்தம் இருக்கா?" என்றார்.

ஆன்டெனா வெறும் வீட்டு ஒயரிங் கம்பி. அரை அலைக் கம்பியின் நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுப்பது வழக்கம்; 7.05-ஆல் வகுத்தால் சுமார் 20.3 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். மொட்டை மாடியில் நடுவில் பைப் நட்டு, இரு முனைகளையும் கைப்பிடிச் சுவர் வரை சாய்த்துக் கட்டியிருக்கிறேன். முனைகளை எட்டாத உயரத்தில் கட்டுங்கள், 5 வாட்டிலும் முனையில் மின்னழுத்தம் அதிகம். என் ஆன்டெனா பார்க்கத் துணிக்கொடி போலவே இருப்பது ஒரு சிக்கல். பக்கத்திலேயே நிஜக் கொடி கட்டிக் கொடுத்தும் பயனில்லை. ஆன்டெனா சரியாகப் பொருந்தாமல் திறன் திரும்பி வருவதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் திடீரென்று 3-ஐத் தொட்டால் நான் கீழே எதையும் சோதிப்பதில்லை. மேலே போய் ஈர வேட்டியை எடுத்து அடுத்த கொடியில் போட்டுவிட்டு வருகிறேன்.