தூத்தூர் படகுகளும் 406 மெகாஹெர்ட்ஸும்

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. அங்கே கவிழ்ந்தால் கைகொடுப்பது இபிர்ப் (EPIRB), அதாவது ஆபத்தில் படகின் இருப்பிடத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் கருவி. அதன் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் குறிப்பைப் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் ஏற்பாட்டை 1979இல், பனிப்போர் நடுவிலேயே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் சேர்ந்து தொடங்கின. நாடுகள் சேர்ந்து செய்ததில் இதைவிட நல்ல காரியம் குறைவு.

கருவி வாங்கினால் மட்டும் போதாது. அதன் 15 இலக்கக் குறியீட்டைப் படகின் பெயர், கரையிலுள்ளவரின் தொலைபேசி எண்ணோடு பதிந்தே ஆகவேண்டும். பதியாவிட்டால் யார் படகு என்று விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும். கேபினுக்குள் வைக்காதீர்கள், கூரை சிக்னலை மறைக்கும். கருவியைப் பிடித்திருக்கும், தண்ணீரில் மூழ்கியதும் தானே திறக்கும் பூட்டை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட்டரியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் உடனே 1554 என்ற தொலைபேசி எண்ணில் கடலோரக் காவல்படைக்குச் சொல்லிவிடுங்கள்.